ஓட்டை ட்ரே முஸாஃபர்

முஸாஃபர் கையில் சிக்கிய எந்தக் காகிதமும் தட்டையாகத் தப்பியதில்லை. பஸ் டிக்கெட்டோ, பரோட்டா சுற்றி வந்த தாளோ, மாத்திரை அட்டையோ, அடுத்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகையோ, எதுவானாலும் நாலு ஓரத்தையும் நிமிர்த்தி, மூலைகளை உள்ளே மடித்துச் செருகி, ஒரு சின்னத் தட்டமாக்கிவிடுவான். பேச்சு பேச்சாக இருக்கும், விரல் தன்பாட்டுக்கு மடக்கிக்கொண்டிருக்கும். செய்து முடித்ததை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போய்விடுவான்.

கல்யாணமான புதிதில் நர்கிஸ் அவன் சட்டைப் பையைத் துழாவி இப்படி ஒரு தட்டத்தை எடுத்தாள். ஏதோ தனக்காகச் செய்தது என்று நினைத்து வெட்கப்பட்டாள். பிறகுதான் பார்த்தாள், கரண்டு பில்லும் அதே கதிதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுமுறைக்கு வருவான், வீடெல்லாம் தட்டம் முளைக்கும். அவன் சவுதியிலுள்ள தமாமுக்கு விமானம் ஏறிய பிறகும் அலமாரிக்குப் பின்னால், மிக்ஸிக்கு அடியில் என்று ஒவ்வொன்றாக அகப்படும். முதலில் கூட்டித் தள்ளினாள். போகப் போக அதில் ஊக்கு, கடுகு, காது மாட்டல் என்று போட்டு வைக்கப் பழகிக்கொண்டாள்.

அந்த விரல்களுக்கு அப்படி ஒரு பழக்கம் வந்ததற்குக் காரணம் உண்டு. முஸாஃபரின் அத்தா சைக்கிள் கேரியரில் அலுமினியப் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு நரிக்குடிப் பக்கம் ஊர் ஊராகப் போய்ப் பழசுக்குப் புதுசு கொடுத்தவர். அவர் வாங்கி வரும் நசுங்கல் சட்டிகளைத் தட்டி நிமிர்த்துவது மகன் வேலை. பத்தாம் வகுப்பில் கணக்கு அவனைக் கைவிட்டது. மதுரையில் ஏசி டக்ட் அடிக்கும் ஒரு கூடத்தில் போய்ச் சேர்ந்தான். டக்ட் என்றால் பெரிய கட்டிடங்களுக்குள் குளிர்ந்த காற்றைக் கொண்டுபோகும் தகரப் பாதை. தகட்டை வெட்டி, மடக்கி, ஒன்றுக்குள் ஒன்று கோத்துச் செய்வது. அங்கிருந்து சவுதி. பன்னிரண்டு மாடிக் கட்டிடத்துக்குக் காற்று கொண்டுபோனவன் என்று அவனே சொல்லிக்கொள்வான். தன்னடக்கம் என்ற சாமான் அவன் கடையில் கிடையாது.

நர்கிஸ் அவள் வீட்டில் முதல் பட்டதாரி. பி.எஸ்சி. கணிதம். அதற்குத் தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழே இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகும் குரூப் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். கட்-ஆஃப் அவளுக்கு ஒன்றிரண்டு மார்க் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. படித்துவிட்டு என்ன செய்கிறோம் என்ற கேள்வியை யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளேதான் கேட்டுக்கொள்வாள், பெரும்பாலும் பாத்திரம் கழுவும்போது.

இந்தத் தடவை முஸாஃபர் மூன்று மாத விடுமுறையில் வந்திருந்தான். சும்மா இருக்க முடியாமல் பாளையம்பட்டியில் பூட்டிக் கிடந்த மச்சினன் கடையைத் திறந்து, இரண்டு இரும்பு ஆங்கிளும் ஒரு கீலும் வைத்துத் தகடு மடக்கும் கருவி ஒன்றைத் தானே செய்து போட்டான். தண்ணீர்த் தொட்டி மூடி, கோழிக் கூண்டுக் கதவு, பஜ்ஜிக் கடைக்குக் காற்றுத் தடுப்பு என்று வேலை வந்தது. பொழுது போனது. இதை நம்பி ஊரில் உட்கார முடியாது என்பதும் தெரிந்தது. ஆனால் முஸாஃபர் பாடிக்கொண்டே வேலை செய்கிறான் என்பதை நர்கிஸ் கவனித்தாள். ஃபோனில் பேசிய இத்தனை வருடத்தில் அவன் பாடி அவள் கேட்டதில்லை.

அவன் நினைத்த மாத்திரத்தில் தங்கிவிடவும் முடியாது. தமாமில் அவனும் அருஞ்சுனையும் ஒரே தகட்டு மேசையில் வேலை. அருஞ்சுனை திருச்சுழிக்கு அடுத்த ஊர்க்காரன். ஒரே மேசையில் இருக்கும் இரண்டு பேரையும் ஒன்றாக ஊருக்கு விடமாட்டார்கள். ஒருவன் போனால் மற்றவன் இரண்டு பேர் வேலையையும் இழுக்க வேண்டும். போனவன் திரும்பி வந்து சுத்தியலைக் கையில் வாங்கிய பிறகுதான் மற்றவனுக்கு டிக்கெட். நம் பக்கத்து ஆட்கள் இதைக் கைமாத்து என்பார்கள். முஸாஃபரின் இந்த மூன்று மாதமும் அருஞ்சுனையிடம் வாங்கிய கைமாத்து. அடுத்தது அருஞ்சுனையின் முறை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலையில் பாலையா தன் பழைய ஜாவா மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார். அருப்புக்கோட்டையில் தறி வைத்திருப்பவர். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், வண்டியிடம் இரண்டும் பேசுவார். அரக்கு நிறம், டேங்கில் வெள்ளிப் பூச்சு, இரண்டு பக்கமும் சைலன்சர். வண்டி அவரைவிட நாலைந்து வருடம்தான் இளையது.

"முஸாஃபரு, அரபு நாட்டுல பெரிய பெரிய பெட்டியெல்லாம் அடிச்சியாமே. எனக்கு ஒரு சின்னப் பெட்டி வேணும்."

"எம்புட்டுச் சின்னதுண்ணே?"

"டிபன் பாக்ஸ் அளவு. அதுக்குள்ள ஒரு வீட்டுக் கரண்டு சாமான் பூராம் அடங்கணும்."

விஷயம் இதுதான். பழைய வண்டிக்கு ஆறு வோல்ட் கரண்டு. ஹெட்லைட்டைப் போட்டால் எதிரே என்ன வருகிறது என்று தெரியாது, நாம் வருகிறோம் என்று எதிரே வருபவனுக்கு வேண்டுமானால் தெரியும். பாலையா ஆன்லைனில் பன்னிரண்டு வோல்ட் சாமான்கள் வாங்கியிருந்தார். புது பேட்டரி, கரண்டைச் சீராக்கும் ரெகுலேட்டர், ப்ளக்குக்குப் பொறி கொடுக்கும் மின்னணுப் பெட்டி, ஃபியூஸ், இண்டிகேட்டர் ரிலே. அத்தனையும் பழைய பேட்டரி இருந்த பக்கப் பெட்டிக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும். வண்டி வெளியில் பார்க்க அப்படியே இருக்க வேண்டும். வண்டியின் இரும்புச் சட்டத்தில் ஒரு துளைகூடப் போடக் கூடாது, வெல்டிங் வைக்கக் கூடாது.

"மதுரையில ஒரு மெக்கானிக் டியூபை வெட்டி எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டிக் குடுத்தான். காரியாபட்டி தாண்டல, பேட்டரி ஒரு பக்கம், ரிலே ஒரு பக்கம் தொங்குது. ஆட்டுக்குடலு மாதிரி."

"ட்ரே வேணும்ணே உங்களுக்கு. எல்லாம் அதது எடத்துல உக்காரணும்."

"அதத்தான் கேக்குறேன். அடுத்த ஞாயித்துக்கெழமை மதுரையில இருந்து ஜாவாக்காரங்க பூராம் வாராங்க. இங்கன சாப்பிட்டுட்டுத் திருச்சுழி போயி நரிக்குடி வரைக்கும் ரைடு. எல்லாருக்கும் இதே கொடுமைதான். உன் ட்ரே நின்னுச்சுன்னா அம்புட்டுப் பேரும் உன்னத் தேடி வருவான். நிக்கலன்னா நீ விமானம் ஏறு, நான் டவுன் பஸ்ஸு ஏறுறேன்."

உள்ளே கணக்கு எழுதிக்கொண்டிருந்த நர்கிஸ் பேனாவை வைத்துவிட்டாள். விமான டிக்கெட் அந்த ஞாயிற்றுக்கு அடுத்த வியாழக்கிழமைக்கு.

பாலையா போனதும் அவள் கேட்டாள். "மச்சான், நெசமாவே ஆர்டர் வந்தா இருந்துருவீகளா?"

"வரட்டும் பாப்போம்."

"வந்தா?"

"அருஞ்சுனை என்னைய வெட்டுவான்."

"அண்ணன் வெட்ட மாட்டாக. சிரிப்பாக."

"அதான்டி பயமாருக்கு" என்றான் முஸாஃபர். கையில் பாலையா விட்டுப்போன பில் தாள் ஏற்கனவே பாதித் தட்டமாகியிருந்தது.

பாலையா வண்டியைக் கடையில் விட்டுப் போக மறுத்துவிட்டார். அளவு மட்டும் தருவதாகச் சொன்னார். பெட்டியின் உட்புறம் நேர் சதுரம் கிடையாது. ஒரு பக்கம் வளைவு, ஒரு மூலையில் புடைப்பு, அடியில் இரண்டு கிளாம்பு. அதற்கு ஏற்ற மாதிரி அட்டையை வெட்டி வெட்டி உள்ளே நுழைத்துப் பார்த்து, வியாழக்கிழமை ஒரு மாதிரியைக் கொண்டுவந்து கொடுத்தார். தறிக்காரர் வீட்டில் அட்டைக்கு எங்கே போவார்? ஜக்கார்டு அட்டைதான். சேலை பார்டரில் எந்த இடத்தில் பூ வர வேண்டும், எந்த நூலைத் தூக்க வேண்டும் என்பதைத் துளைகளாகப் போட்டு வைத்திருக்கும் நீள நீள அட்டைகள். பரணில் கிடந்த பழைய கட்டிலிருந்து உருவி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பசை நாடாவால் ஒட்டி, அச்சாக வெட்டியிருந்தார். அருப்புக்கோட்டையில் பிறந்தவனுக்கு அந்த அட்டை அதிசயமில்லை. பள்ளிக்கூடத்தில் பரீட்சை அட்டையே அதுதான். ஆகவே முஸாஃபர் அதன் வெளி ஓரத்தைத்தான் பார்த்தான். துளைகளைப் பார்க்கவில்லை.

மதுரையிலிருந்து தேடி வாங்கி வந்திருந்த ஒன்றரை மில்லி அலுமினியத் தகடு ஒரே ஒரு துண்டு இருந்தது. அலுமினியத்தில் ஆணியால் கோடு கீறினால் மடக்கும்போது அந்தக் கோட்டிலேயே பிளந்துவிடும். அதனால் டக்ட் கூடத்தில் ஒரு வழி வைத்திருப்பார்கள். அட்டை மாதிரியைத் தகட்டின்மேல் வைத்துச் சிவப்பு ஸ்ப்ரே அடிப்பார்கள். அட்டையை எடுத்தால் சுற்றிலும் சிவப்பு, நடுவில் பளபளப்பாக உருவம் நிற்கும். அந்த உருவத்துக்குள் எங்கே துளை வேண்டுமோ அங்கே ஒரு சிவப்புப் புள்ளி வைப்பான் ஒருவன். மற்றவன் கண்ணை மூடிக்கொண்டு துளைப்பான். முஸாஃபர் புள்ளி வைப்பான், அருஞ்சுனை துளைப்பான். அங்கே அப்படி ஓடியது. இங்கே பத்து நாளாக அருஞ்சுனையின் இடத்தில் நர்கிஸ் நின்றாள். டிரில் பிடிக்க அவளுக்குப் பிடித்திருந்தது. முதல் நாளே அவன் சட்டத்தைச் சொல்லிவிட்டான்.

"சிவப்புப் புள்ளி இருந்தா ஓட்டை. இல்லாட்டி இல்ல. ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது. கேட்டா வேல ஓடாது."

வெள்ளிக்கிழமை மதியம் அட்டையைத் தகட்டின்மேல் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு நட்டைத் தூக்கி வைத்து, ஸ்ப்ரே அடித்தான். ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிவிட்டது. காயட்டும் என்று அப்படியே விட்டுவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடினான். போகிற போக்கில், "நாலு ஓட்டை இருக்குடி, வந்து புள்ளி வைக்கிறேன்" என்று சொன்னதாக அவன் சொல்கிறான். அடுத்த கடையில் மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. "ஓட்டை இருக்குடி, போட்டு வையி" என்று கேட்டதாக நர்கிஸ் சொல்கிறாள். இன்றுவரை இதற்குத் தீர்ப்பு இல்லை.

அவள் அட்டையை எடுத்துப் பார்த்தாள். பளபளப்பான உருவத்துக்குள் சிவப்புப் புள்ளிகள் வரிசை வரிசையாக, வளைந்து வளைந்து, அம்மை போட்டது போல் நிரம்பிக் கிடந்தன. ஒரு நிமிடம் யோசிக்கத்தான் செய்தாள். ரெகுலேட்டர் சூடாகும், காற்று வேண்டும் என்று முஸாஃபர் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். சரி, காற்றுக்குத்தான் என்று அவளே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டு டிரில்லை எடுத்தாள். பாதியில் பிட் மழுங்கியது, மாற்றிக்கொண்டாள். கை மரத்தது, உதறிக்கொண்டாள். ஒரு புள்ளிகூட விடவில்லை.

முஸாஃபர் திரும்பி வந்து தகட்டைப் பார்த்தான். அதைத் தூக்கி வாசல் வெயிலுக்கு நேரே பிடித்தான். நர்கிஸின் முகத்தில், சேலையில், தரையில் எல்லாம் வெளிச்சப் பொட்டுகள் விழுந்தன.

"என்னடி இது?"

"நீங்கதான புள்ளி இருந்தா ஓட்டைன்னீக."

"நான் எங்கடி புள்ளி வச்சேன்?" என்றவன் கீழே கிடந்த ஜக்கார்டு அட்டையை அப்போதுதான் பார்த்தான். அட்டையின் துளைகள் வழியாக ஸ்ப்ரே இறங்கியிருந்தது. தலையில் கையை வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தான். சிறிது நேரத்தில் அவன் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று நர்கிஸ் பதறிப்போய்க் கிட்டப் போனாள்.

"அரிசி மாவு இருந்தா எடுத்தா. இடியாப்பம் புழிவோம்" என்றான் அவன்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் எதற்கு என்று கேட்கத்தானே படிக்க வைத்தார்கள், ஒரு தடவை பள்ளிவாசல் வரை ஆள் அனுப்பிக் கேட்டிருக்கலாமே என்று நினைத்தாள். இன்னொன்றும் நினைத்தாள், அதுதான் அவளை உறுத்தியது. அவன் இங்கே தங்க வேண்டும் என்று தவியாய்த் தவிப்பவள் அவள். அதைக் கெடுத்ததும் அவள் கையே.

வேறு தகடு இல்லை. மதுரைக்குப் போய் வாங்கி வர சனிக்கிழமை போய்விடும். இருப்பதை வைத்துத்தான் ஆக வேண்டும். முஸாஃபர் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக மடக்கினான். மடிப்புக் கோட்டில் துளைகள் விழுந்திருந்த ஒரு மூலை கிழிந்தது. அதற்கு உள்ளே ஒரு சின்னத் துண்டு வைத்து ரிவிட் அடித்தான். துளைகளின் பிசிறைப் பெரிய பிட்டால் கையாலேயே சுழற்றி எடுக்கச் சொன்னான். இருவரும் மாற்றி மாற்றிச் செய்தும் பொழுது சாய்வதற்குள் மேல் பக்கம் மட்டும்தான் முடிந்தது.

சனிக்கிழமை காலையில் பாலையா வீட்டு முற்றத்தில் ட்ரேயைப் பார்த்ததும் பாலையாவின் முகம் சுருங்கியது.

"தம்பி, நான் ட்ரே கேட்டேன். நீ சல்லடை கொண்டாந்திருக்க."

"வெயிட்டு கொறையும்ணே" என்றான் முஸாஃபர், கண் இமைக்காமல்.

பாலையாவின் மனைவி சௌடேஸ்வரி தறியிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். கையில் வாங்கி, தலைகீழாகத் திருப்பினாள். பிறகு முற்றமே அதிரச் சிரித்தாள்.

"அடி ஆத்தாடி! இது எங்க மாங்கா பார்டரு! இந்தா பாரு நர்கிஸு, இது காம்பு, இது வயிறு. மூக்க மட்டும் காணாம்."

அந்த டிசைன் அட்டைக் கட்டு எப்படி இந்தக் கதிக்கு ஆளானது என்று அவளுக்கு அடுத்த நொடி உறைத்தது. பாலையாவைப் பார்த்துக் கன்னடத்தில் நீளமாக ஏதோ சொன்னாள். நர்கிஸுக்குக் கன்னடம் தெரியாது. ஆனாலும் பாலையா டேங்கைத் துடைக்க ஆரம்பித்த வேகத்தில் பொருள் விளங்கிவிட்டது.

சாமான்களைப் பொருத்தத் திட்டமிட்டிருந்த கிளிப்புகள் எதுவும் துளைகளுக்கு நடுவே நிற்கவில்லை. முஸாஃபர் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக் கழற்றிக்கொண்டிருந்தான். சௌடேஸ்வரி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். உள்ளே போய் ஜக்கார்டு பெட்டிக்குக் கட்டும் நைலான் கயிற்றுக் கண்டு ஒன்றை எடுத்து வந்து, "தள்ளு" என்று சொல்லிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பேட்டரிக்கு இந்தப் பக்கத் துளையில் விட்டு அந்தப் பக்கத் துளையில் இழுத்துக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கட்டு. ரெகுலேட்டருக்கு ஒன்று. ரிலேக்கு ஒன்று. எங்கே வைத்தாலும் பக்கத்திலேயே துளை இருந்தது. கடைசியில் ட்ரேயைத் தூக்கிக் குலுக்கினாள். எதுவும் அசையவில்லை.

"நாள் பூராம் டக்கு டக்குன்னு அடிக்கிற தறியிலயே இந்த முடிச்சு அவுறாது. உங்க வண்டிக்கா அவுறப் போகுது?"

ட்ரே பக்கப் பெட்டிக்குள் உறையில் கத்தி போல இறங்கியது. பாலையா உதைத்தார். ஹெட்லைட் எரிந்தது. முற்றத்தின் எதிர்ச் சுவரில் வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்ததும் அவர் வண்டியை விட்டு இறங்கிப் போய் அந்த வெளிச்சத்தில் தானே நின்று பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பாளையம்பட்டியே இரைச்சலாக இருந்தது. கறுப்பு, அரக்கு, பச்சை என்று இருபதுக்குக் குறையாத வண்டிகள். கூட்டத்துக்குத் தலைவர் மதுரையில் ஒரு பல் டாக்டர். பொங்கலும் வடையும் முடிந்து திருச்சுழி ரோட்டில் எல்லாரும் வரிசையாகக் கிளம்பினார்கள். முஸாஃபரும் நர்கிஸும் தங்கள் ஸ்கூட்டியில் கடைசியாகப் பின்தொடர்ந்தார்கள். இரண்டு பக்கமும் கரிசல் காடு, சீமைக்கருவேலம், இடையில் ஆட்டுக் கிடை. ரோடு சில இடங்களில் இருந்தது, சில இடங்களில் இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் நர்கிஸ் பாலையாவின் பக்கப் பெட்டியையே பார்த்தாள்.

திருச்சுழி நெருங்கியபோது அது நடந்தது. பாலையாவின் ஹாரன் அடித்தது. அடித்தது நிற்கவில்லை. பட்டனைத் தட்டினார், ஹேண்டில்பாரைக் குத்தினார், கன்னடத்தில் திட்டினார், தமிழில் கெஞ்சினார். சாவியைத் திருப்பினால் ஹாரன் நின்றுவிடும். ஆனால் சூடேறிய ஜாவாவை வழியில் நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்ற பயம் அவருக்கு. அப்படியே ஓட்டினார். வரிசையாக இருபது வண்டி, நடுவில் ஓயாத ஹாரன். தாலுகா ஆபீஸ் பக்கம் பெரிய அதிகாரி வருவதாக நினைத்து ஒருவர் லுங்கியை இறக்கிவிட்டார். டவுன் பஸ் ஓரம் கட்டியது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்தே நின்றார்கள். பாலையா வேறு வழியில்லாமல் இரண்டு பக்கமும் பார்த்துத் தலையை ஆட்டி வணக்கம் வைத்துக்கொண்டே போனார்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய வேப்பமர நிழலில் நிறுத்திச் சாவியை எடுத்தார். ஊரே அமைதியானது. இருபது பேரும் சூழ்ந்துகொண்டார்கள். முடிந்தது என்று நினைத்தாள் நர்கிஸ். வியாழக்கிழமை அவள் கண்முன் வந்து நின்றது.

முஸாஃபர் பெட்டியைத் திறந்தான். கட்டு எதுவும் தளரவில்லை. ஹாரன் ஒயர் மட்டும் ஒரு துளையின் கீழ் விளிம்பில் உரசி உரசித் தோல் கிழிந்து தகட்டைத் தொட்டிருந்தது. பட்டனை அமுக்கினால் நடக்க வேண்டியது, பட்டன் இல்லாமலே நடந்திருக்கிறது. பிசிறு எடுக்காமல் விட்ட பக்கம்.

"சைக்கிள் கடையில வால் டியூப் வாங்கிட்டு வா" என்றான். நர்கிஸ் ஓடிப்போய் வாங்கி வந்தாள். அந்த மெல்லிய ரப்பர்க் குழாயை நீளவாக்கில் கீறித் துளை விளிம்பில் பதித்து, ஒயருக்கு நாடா சுற்றினான்.

அதற்குள் பல் டாக்டர் ஃபோன் விளக்கைப் பிடித்துக்கொண்டு, கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல் பெட்டிக்குள் தலையை விட்டிருந்தார். "இது யாரு போட்ட டிசைன்?"

முஸாஃபர் நர்கிஸைப் பார்த்தான். "எங்க வீட்ல."

"நல்லா இருக்கே. எங்க இருபது வண்டியிலயும் இருபது கம்பெனி சாமான். ஒருத்தன் ட்ரே அடுத்தவனுக்கு ஆகாது. இது எந்தச் சாமானை வேணாலும் எங்க வேணாலும் கட்டிக்கலாம் போல. எனக்கு ஒண்ணு போடுங்க. ஓட்டை எல்லாத்தையும் மழுங்க எடுத்துரணும், ஆமா."

"எனக்கும் அதே பூ வேணும்" என்றார் பச்சை வண்டிக்காரர். "பூ இல்லய்யா, மாங்கா" என்றார் பாலையா, இப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "எங்க வீட்டு மாங்கா." ஹாரன் மட்டும் அடிக்காமல் இருந்திருந்தால் அந்தப் பெட்டியை யாரும் திறந்து பார்த்திருக்கப் போவதில்லை. நரிக்குடி போய்ச் சேருவதற்குள் எத்தனை பேர் தன் நம்பரை வாங்கினார்கள் என்று முஸாஃபர் எண்ணுவதை விட்டுவிட்டான்.

ஆனால் அதற்கு முன்னால், அந்த வேப்பமரத்தடியிலேயே இன்னொன்று நடந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். கையில் கட்டைப்பை, முகமெல்லாம் சிரிப்பு. அருஞ்சுனையின் மனைவி முத்துலட்சுமி. ஒவ்வொரு விடுமுறையிலும் அருஞ்சுனை கொடுத்துவிடும் சாமான்களை முஸாஃபர் அவள் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பான். அப்படிப் பழக்கம்.

"அண்ணே, நீங்களா! நான் என்னமோ மந்திரிதான் வந்துட்டாகன்னு பாத்தேன்." நர்கிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, சொகமா? அண்ணே, வியாழக்கெழம கெளம்புறது உறுதிதான? நீங்க போய் எறங்குன மறுவாரம் அவுக வாராக. வீட்டுக்கு வெள்ளையடிச்சுட்டேன். இந்தா, பித்தளைக் குழாய்கூட மாத்துறதுக்கு வாங்கிட்டேன்." கட்டைப்பையைத் திறந்து காட்டினாள்.

முஸாஃபரின் வாயில் வால் டியூப் துண்டு இருந்தது. அதை எடுத்துவிட்டு, "இன்ஷா அல்லா, பாப்போம்மா" என்றான்.

முத்துலட்சுமி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். நர்கிஸுக்கு அந்தப் 'பாப்போம்' எப்படிப்பட்டது என்று தெரியும். அவள் கையில் அந்தப் பெண் பிடித்த சூடு இன்னும் இருந்தது. இருபது பேர் வாழ்த்தும்போது திருட்டுப் பொருள் வைத்திருப்பவளைப் போல ஏன் நிற்கிறோம் என்று அவளுக்கு இருந்தது. அப்படியும் அவனைப் போகச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அதையும் அவள் கவனித்தாள்.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், முஸாஃபர் தமாமுக்கு ஃபோன் போட்டான். ஸ்பீக்கரில் போடச் சொல்லி நர்கிஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏலே, ஹாரன் சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு" என்றது அருஞ்சுனையின் குரல். பின்னால் தகடு அடிக்கும் ஓசை. "வீட்ல வீடியோ அனுப்புனா. பாலையா அண்ணன் தலைய ஆட்டிக் கும்புடு போட்டுக்கிட்டே போறாரு, ஓட்டுக் கேக்கப் போற மாதிரி."

"அதுல ஒரு வெவரம் இருக்கு மாப்ள."

"தெரியும்லே. ஆர்டர் வந்துருச்சு. வாய் இனிக்குது. வர மாட்ட."

முஸாஃபர் மடியில் ஒரு பில் தாள் மடிபடாமல் கிடந்தது. விரல் சும்மா கிடந்தது.

"நீ சொன்னா வந்துர்றேன் மாப்ள. டிக்கெட்ட இன்னும் கேன்சல் பண்ணல."

அந்தப் பக்கம் தகடு அடிக்கும் சத்தம் நின்றது. நர்கிஸ் ஃபோனுக்குக் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள். என்ன பதில் வர வேண்டும் என்று அவளுக்குள் இரண்டு பேர் இருந்து வேண்டிக்கொண்டார்கள்.

"வந்து என்னத்தப் புடுங்கப் போற? இங்க வந்து தெனம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிப்ப. அதுக்கு நான் தனியாவே அடிச்சுட்டுப் போயிருவேன்" என்று சிரித்தான் அருஞ்சுனை. "இருலே. ரெண்டு பேருல ஒருத்தனாச்சும் வீட்டுச் சோறு திங்கட்டும். எனக்கு ஆளு மட்டும் பாத்து அனுப்பு. நர்கிஸு, கேக்குறியாம்மா? இவன் மறந்துருவான். நீ ஞாவகம் வச்சுக்க."

"வச்சுக்கிறேன்ண்ணே" என்றாள் நர்கிஸ். ஃபோன் அணைந்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டாள்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பாளையம்பட்டிக் கடைக்கு முஸாஃபர் ஏதோ ஆங்கிலப் பெயர் எழுதி வைத்திருக்கிறான். யாரும் அதைச் சொல்வதில்லை. ஓட்டை ட்ரே கடை என்றால்தான் தெரியும். சேலத்திலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பார்சல் கேட்கிறார்கள். புல்லட்டுக்கும் போடுகிறான். சௌடேஸ்வரி பரணில் இருந்த பழைய அட்டைக் கட்டுகளைத் தானே இறக்கிக் கொடுத்துவிட்டாள். மாங்காய், மயில்கண், கோபுரம் என்று வண்டிக்காரர்கள் பார்டர் தேர்ந்தெடுக்கிறார்கள். கல்யாணச் சேலை எடுக்க வந்தவர்களைப்போல் ஒரு மணி நேரம் குழம்புகிறவர்களும் உண்டு. பெட்டிக்குள் போய் ஒளியப் போகிற தகட்டுக்கு எதற்கு இத்தனை யோசனை என்று நர்கிஸ் கேட்டால் முஸாஃபருக்குக் கோபம் வரும். அவள்தான் இன்னும் துளைக்கிறாள். இரண்டு பக்கமும் பிசிறு எடுக்கிறாள். குரூப் தேர்வுக்கு விண்ணப்பிப்பதையும் அவள் விடவில்லை. எது தன் வேலை என்று அவளுக்கு இன்னும் முடிவாகவில்லை.

அருஞ்சுனைக்கு ஆள் அனுப்ப முஸாஃபர் முயலாமல் இல்லை. பந்தல்குடிக்காரன் ஒருவன் மெடிக்கல் பரிசோதனையில் தேறாமல் நின்றுவிட்டான். இன்னொருவன் விசா அடித்து வந்த பிறகு, பெண் வீட்டார் போக வேண்டாம் என்கிறார்கள் என்று பின்வாங்கினான். தகட்டு வேலை தெரிந்தவர்கள் கடைக்கு வந்தால் நர்கிஸ் முதலில் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்கிறாள். அங்கே கம்பெனி, மேசைக்கு ஆள் வராமல் விட முடியாது என்கிறது. தன் கையால் செய்த ட்ரே ஒன்றை அருஞ்சுனைக்கு அனுப்பலாமா என்று ஒருநாள் முஸாஃபர் கேட்டான். "அவுகட்ட வண்டியா இருக்கு?" என்று நர்கிஸ் கேட்டதும் கையிலிருந்ததை மற்ற ட்ரேக்களோடு அடுக்கி வைத்துவிட்டான்.

முத்துலட்சுமி மாதம் ஒருமுறையாவது நர்கிஸைக் கூப்பிடுவாள். கோபமாக ஒரு வார்த்தை இதுவரை பேசியதில்லை. மழை பெய்ததா, கடை எப்படி என்று கேட்டுவிட்டுக் கடைசியில், "ஆளு எதுவும் அமைஞ்சுச்சா மதினி?" என்பாள்.

"பாத்துக்கிட்டே இருக்கோம் முத்து" என்பாள் நர்கிஸ்.

முஸாஃபர் கைமாத்தாக வாங்கிய அந்த மூன்று மாதம் அருஞ்சுனைக்கு இன்னும் திரும்பிப் போய்ச் சேரவில்லை.